ஏழூர் வலம்

இருபது வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் சோழர் சரித்திரம் சொல்லிக் கொடுத்து வருகிறேன். விஜயாலயன், ஆதித்தன், பராந்தகன் என்று கரும்பலகையில் வரிசையாக எழுதி, பக்கத்தில் வருஷங்களையும் எழுதி, "இது பரீட்சைக்கு வரும்" என்று எச்சரிக்கையும் செய்து வந்திருக்கிறேன். ஆனால் அந்தச் சோழர்கள் கற்றளி எடுத்து, நிலமும் ஆடும் விட்டு, கல்லில் எழுதி வைத்துவிட்டுப் போன ஏழு ஊர்களைத் தஞ்சாவூரிலேயே குடியிருக்கும் நான் ஒரு தடவையாவது கால்நடையாகச் சுற்றி வந்தது கிடையாது. பஸ்ஸில் போயிருக்கிறேன். பஸ்ஸில் போகிறவனுக்குக் கண்டியூர் என்பது ஒரு நிறுத்தம், அவ்வளவுதான்.

இந்தக் குறையை எனக்கு எடுத்துக் காட்டியவன் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன். தில்லைஸ்தானத்துக் கல்வெட்டு ஒன்றைப் பற்றி வகுப்பில் விரிவாகப் பேசிக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் நூற்றாண்டில் ஆதித்த சோழனும் சேர மன்னன் தாணு ரவியும் சேர்ந்து, விக்கி அண்ணன் என்னும் வீரனுக்குத் தவிசும் சாமரையும் சிவிகையும் யானை வரிசையும் கொடுத்து, செம்பியன் தமிழவேள் என்ற பட்டமும் அளித்தார்கள். அவனுடைய மனைவி கடம்ப மாதேவி அந்தக் கோயிலுக்கு விளக்குத் தர்மம் செய்தாள். சிவிகை என்றால் பல்லக்கு என்று விளக்கம் சொல்லி நிறுத்தினேன். அந்தப் பையன் எழுந்து, "ஐயா, ஏழூர்ப் பல்லக்கோட நீங்க நடந்திருக்கீங்களா?" என்றான்.

"இல்லை" என்றேன்.

"எங்க தாத்தா வருஷா வருஷம் பார்ப்பாருங்க."

"கூடவே நடப்பாரா?"

"நடக்க மாட்டாரு. ஆத்துல நின்னு பார்ப்பாரு."

வகுப்பு சிரித்தது. பையன் சிரிக்கவில்லை. கோயிலும் வீதியும் இருக்கும்போது ஆற்றில் நின்று ஏன் பார்க்க வேண்டும் என்று எனக்கும் அப்போது கேட்கத் தோன்றவில்லை. வரும் சித்திரையில் நாம் இருவரும் நடக்கலாம் என்று மட்டும் சொன்னேன்.

நேயர்களில் பலருக்கு ஏழூர்த் திருவிழாவைப் பற்றித் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திருவையாற்று ஐயாறப்பர் நந்தியெம்பெருமானைத் தம் பிள்ளையாக ஏற்றுக்கொண்டு, பங்குனி மாதத்தில் திருமழபாடியில் சுயசாம்பிகைக்கு மணம் முடித்து வைக்கிறார். அந்தக் கல்யாணத்துக்குச் சுற்றிலுமுள்ள ஆறு ஊர்கள் சீர் அனுப்பியதாக ஐதீகம். திருப்பழனத்திலிருந்து பழங்கள், திருச்சோற்றுத்துறையிலிருந்து அன்னம், திருவேதிகுடியிலிருந்து வேதியர்கள், திருக்கண்டியூரிலிருந்து ஆபரணங்கள், திருப்பூந்துருத்தியிலிருந்து பூ, திருநெய்த்தானம் என்னும் தில்லைஸ்தானத்திலிருந்து நெய். உதவி செய்த ஊர்களுக்கு நன்றி சொல்லப் பிள்ளையையும் மருமகளையும் அழைத்துக்கொண்டு ஐயாறப்பர் சித்திரை மாதத்தில் புறப்படுகிறார். ஸ்வாமிக்கும் அம்பாளுக்கும் கண்ணாடிப் பல்லக்கு. புதுத் தம்பதிகளுக்கு வெட்டிவேர்ப் பல்லக்கு. கல்யாணம் முடிந்ததும் ஒத்தாசை செய்த வீடுகளுக்கெல்லாம் போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரும் நம் ஊர் வழக்கத்தைத் தெய்வத்தின் மேல் ஏற்றி வைத்தவர்கள் யாரோ, அவர்கள் குடும்பஸ்தர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

விடியற்காலையில் நாங்கள் திருவையாறு போய்ச் சேர்ந்தோம். கோயிலின் வெளிப் பிராகாரத்தில் ஓரிடத்தில் நின்று "ஐயாறா!" என்று கூப்பிட்டால் ஏழு முறை எதிரொலிக்கும் என்பது பிரசித்தம். பையன் கூப்பிட்டுப் பார்த்தான். ஐந்து வரையில் எண்ணினோம். அதற்குள் நாதஸ்வரம் ஆரம்பமாகிவிட்டது. மற்ற இரண்டும் அதில் கரைந்துவிட்டன. ராஜராஜனின் தேவி உலகமாதேவி எடுப்பித்த வடகயிலாயத்தை அவனுக்குக் காட்டினேன். அவனுக்கு அதைவிடச் சீர்பாதந்தாங்கிகளின் தோள்களைப் பார்ப்பதில்தான் ருசி. வருஷக் கணக்கில் தண்டு அழுத்தி அழுத்தி அந்தத் தோள்களில் காய்ப்பு ஏறியிருந்தது. "ஐயா, இது விக்கி அண்ணன் கல்வெட்டிலே வருமா?" என்று கேட்டான். பல்லக்குப் பெற்றவன் பெயர் கல்லில் இருக்கிறது. தூக்கியவர்கள் பெயர் இல்லை. அதைத்தான் அவனுக்குப் பதிலாகச் சொன்னேன்.

பல்லக்கு தங்கித் தங்கி வரும். வழி நெடுக மண்டகப்படி. வீட்டுக்கு வீடு தேங்காயும் தீபாராதனையும். ஆகையால் நாங்கள் சிறிது தூரம் கூட நடந்துவிட்டு, முந்திக்கொண்டு கிழக்கே போனோம். காவிரியின் வடகரையில் திருப்பழனம் வரையில் நடப்பது ஒரு சிரமமே இல்லை. வாழைத் தோட்டங்களின் ஈரக்காற்று காலை வேளையில் முகத்தில் வந்து படும். திருப்பழனத்துக்கு அருகில்தான் திங்களூர் இருக்கிறது. அப்பூதியடிகள் வாழ்ந்த ஊர். அந்தணராகிய அவர், தாம் கண்ணால் கண்டிராத திருநாவுக்கரசரிடம் கொண்ட பக்தியினால், தம் பிள்ளைகளுக்கும் தாம் வைத்த தண்ணீர்ப் பந்தல்களுக்கும் அவர் பெயரையே சூட்டினார் என்பது பெரிய புராணம் சொல்லும் செய்தி. அந்த வழியாக நடந்து வந்த நாவுக்கரசர் ஒரு பந்தலில் தம் பெயர் எழுதியிருப்பதைக் கண்டு திகைத்து நின்றார். பிறகு வேளாளராகிய அவரை அடிகள் தம் வீட்டுக்கு அழைத்துப் போய் அமுது செய்விக்க முற்பட்டார். அப்பர் சுவாமிகள் திருப்பழனப் பதிகத்தில் அப்பூதியைப் பெயர் சொல்லிப் பாராட்டியிருக்கிறார். தண்ணீர் கொடுத்தவருக்குத் தேவாரத்தில் இடம் கிடைத்தது.

இந்தக் கதையை நான் பையனுக்குச் சற்று அதிக உற்சாகத்தோடு சொன்னேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. எங்கள் பூர்விகமும் இந்த வழியில் ஒரு கிராமந்தான். என் பாட்டனார் ஏழூர் உற்சவத்தில் வருஷந்தோறும் தண்ணீர்ப் பந்தல் வைத்தவர். "தண்ணீர்ப் பந்தல் வீடு" என்றே எங்கள் வீட்டுக்குப் பெயர். நிலமும் வீடும் கை மாறிப் போன பிறகும், அவர் பெயர் வெட்டிய செப்பு அண்டா ஒன்று தஞ்சாவூர் வீட்டில் இருக்கிறது. அதில் "தர்மம்" என்ற சொல்லும் இருக்கிறது. சின்ன வயதில் எனக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கக் கற்றுக் கொடுத்தது அந்த அண்டாதான்.

அவரைப் பற்றி வீட்டில் வழங்கி வரும் இன்னொரு கதையையும் சொல்லிவிடுகிறேன். 1930 ஏப்ரல் மாதம் ராஜாஜி ஏறக்குறைய நூறு தொண்டர்களுடன் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தார். அப்போது தஞ்சை ஜில்லா கலெக்டராயிருந்த தார்ன் துரை, தொண்டர்களுக்குச் சோறோ இடமோ கொடுப்பவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்று உத்தரவு போட்டார். ஜனங்கள் சளைக்கவில்லை. சோற்று மூட்டைகளைச் சாலையோரத்து மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டு விட்டார்கள். மரம் சோறு கொடுத்தால் யாரைத் தண்டிப்பது? படை திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு வழியாகத்தான் தஞ்சாவூருக்குப் போயிற்று. என் பாட்டனாருக்கு அப்போது இருபத்தைந்து வயது. இரவோடு இரவாகப் புளியோதரை கிளறி, மந்தார இலையில் கட்டி, மரத்தில் ஏறித் தொங்கவிட்டவர்களில் அவரும் ஒருவர். கடைசி வரையில் கதர்தான் உடுத்தினார். இப்படிப்பட்டவர் பேரன் என்ற எண்ணத்தோடு நடக்கும்போது வெயில்கூட அவ்வளவாக உறைக்கவில்லை.

ஏழூர் வலம் வருபவர்கள் காவிரியையும் குடமுருட்டியையும் போகும்போது ஒரு முறை, திரும்பும்போது ஒரு முறை கடந்தாக வேண்டும். சித்திரையில் தண்ணீர் இராது. மேட்டூர் அணை வழக்கமாகத் திறப்பது ஜூன் 12-ல்; அது வந்து சேரும் வரையில் காவிரி வெறும் மணல்தான். காலையில் பஞ்சு மாதிரி இருந்த மணல், பத்து மணிக்குமேல் வறுகடலைச் சட்டியாகிவிடுகிறது. ஜனங்கள் ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஓட்டமும் நடையுமாகக் கடக்கிறார்கள். அதே மணலில் அதே வெயிலில் சீர்பாதந்தாங்கிகள் மட்டும் ஓட முடியாது. கண்ணாடிப் பல்லக்கு அலுங்கக் கூடாது.

திருச்சோற்றுத்துறையில் சோறு போட்டார்கள். ஊர்ப் பெயருக்கு ஊர் துரோகம் செய்யவில்லை. பஞ்சம் வந்த காலத்தில் அருளாளர் என்ற அடியாருக்கு இறைவன் அள்ள அள்ளக் குறையாத அட்சய பாத்திரம் கொடுத்த ஸ்தலம் இது. ஸ்வாமிக்கு ஓதனவனேசுவரர் என்று பெயர். ஓதனம் என்றால் அன்னம். வேதிகுடிக்குப் போகும் வழி இந்தப் பிரயாணத்தில் மிக அழகானது. இரு புறமும் வயல். உளுந்து எடுத்த வயலில் தாள் காய்ந்து கிடந்தது. இரண்டு கொக்குகள், ஒரு டிராக்டர், எங்களைத் தவிர வேறு யாருமில்லை. கண்டியூரில் எனக்கு மிகவும் பிடித்தது பிரமன் சந்நிதி. சிவபெருமான் பிரமனின் தலையைக் கொய்த வீரட்டம் அது; தலை இழந்த இடத்திலேயே பிரமனுக்குச் சரஸ்வதியோடு அழகான திருவுருவம் அமைத்து உட்கார வைத்திருக்கிறார்கள். தண்டனையும் கொடுத்து, ஆசனமும் கொடுத்து அனுப்பும் பெருந்தன்மை நம் பழைய சிற்பிகளுக்கு இருந்தது.

இனி நான் சொல்லப் போவது இந்த ஆறுகளில் ஏதோ ஓர் இடத்தில் நடந்தது. எந்த ஆறு, எந்தக் கரை, எந்த ஊருக்கு எதிரில் என்று எழுதப் போவதில்லை.

மணல் நடுவில் ஒரு நாணல் புதர். அதன் ஓரத்தில், எண்பதைத் தாண்டிய கிழவர் ஒருவர், தோளில் துண்டைக் குறுக்கே போட்டுக்கொண்டு நின்றுகொண்டிருந்தார். நிழல் என்று பெயர்கூடச் சொல்ல முடியாத நிழல். பையன், "தாத்தா!" என்று ஓடினான். என்னை அறிமுகப்படுத்தினான். பெரியவர் கும்பிட்டார், நானும் கும்பிட்டேன். "வாத்தியாரய்யா நம்ம பக்கத்துக்காரருங்களா? எந்த ஊரு, யாரு வீட்டுப் பிள்ளை?" என்று விசாரித்தார்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில் எனக்கு எப்போதும் ஒரு சந்தோஷம் உண்டு. ஊர்ப் பெயரைச் சொல்லி, "தண்ணீர்ப் பந்தல் வீட்டுப் பேரன்" என்றேன்.

பெரியவரின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்படிச் சொல்லுங்க! அந்தத் தண்ணி குடிச்சு வளர்ந்த உடம்புங்க இது. வெட்டிவேர் போட்டு, புதுப் பானையிலே, குளுகுளுன்னு இருக்கும். பானகம்னா உங்க வீட்டுப் பானகந்தான், ஏலக்காய் மணக்கும். எனக்கு அப்போ பத்து வயசு இருக்கும்." சற்று நிறுத்திவிட்டு, பழைய சிநேகிதரைப் பற்றி விசாரிப்பது போலக் கேட்டார்: "அந்த மூங்கில் தப்பை இன்னும் இருக்குங்களா?"

"எந்த மூங்கில் தப்பை?"

குனிந்து, மணலில் விரலால் இரண்டு கவட்டைக் கம்புகள் வரைந்தார். ஒன்று உயரம், ஒன்று குட்டை. இரண்டுக்கும் நடுவே சாய்வாக ஒரு கோடு இழுத்தார். "மேலே, கரையிலே பந்தல். கீழே, மணல்லே நாங்க. ஏழெட்டு முழத் தப்பை. நெடுக்கப் பிளந்து, உள்கணுவெல்லாம் வழவழன்னு செதுக்கினது. குனிஞ்சு ரெண்டு கையையும் ஏந்திக்கிட்டா அங்கேருந்து ஊத்துவாங்க. ஓடி வரும். எனக்கு அது வேடிக்கையா இருக்கும். தண்ணி ஓடி வர்றதையே பார்த்துக்கிட்டிருந்து குடிக்க மறந்துடுவேன். எங்கம்மா தலையிலே ஒரு குட்டு வைக்கும்."

அவர் சிரித்தார். எனக்கு நாக்கு உலர்ந்துவிட்டது.

ஏனென்றால், அந்தத் தப்பையை எனக்குத் தெரியும். தஞ்சாவூர் வீட்டுப் பரணில் அது கிடந்தது. நெடுக்கப் பிளந்து, உள்கணுவெல்லாம் செதுக்கி, கை பட்டுக் கை பட்டு மெருகேறியது. நானும் என் தம்பியும் அதை மாடிப்படியில் சாய்த்து வைத்துக் கோலி உருட்டி விளையாடியிருக்கிறோம். மேலிருந்து விட்டால் கீழே ஓடி வரும். அந்த ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்ததற்காக என் அம்மாவிடம் நானும் குட்டு வாங்கியிருக்கிறேன். அது என்ன சாமான் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

"பாட்டனார் அப்படிச் செய்தார் என்பது எனக்குத் தெரியாது, பெரியவரே" என்றேன். வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

அவர் என் முகத்தைப் பார்த்து அவசரமாகச் சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். "அட, அதுக்கென்னங்க! உங்க பாட்டனார் ஒரு நாளும் இல்லேன்னு சொன்னதில்லை. மத்தப் பந்தல்லே அதுவும் கிடையாது. நல்ல மனுசர்." அவர் என்னைத் தேற்ற வேண்டியதாயிற்றே என்பதுதான் அந்த வெயிலைவிட அதிகமாகச் சுட்டது. கலெக்டரின் உத்தரவை மீறி முன்பின் தெரியாத தொண்டர்களுக்கு மரத்தில் சோறு கட்டிய கை, தெரிந்த ஊர்க் குழந்தைக்குத் தண்ணீர் வார்க்க ஏழெட்டு முழ மூங்கிலைத் தேடியிருக்கிறது. இரண்டும் ஒரே மனிதருடைய கை. ஒன்றைச் சொல்லி வளர்த்த எங்கள் வீடு மற்றொன்றைப் பரணில் ஏற்றி வைத்துவிட்டது.

1939-ல் மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் வைத்தியநாதய்யர் நடத்திய ஆலயப் பிரவேசத்தைப் பற்றியும், 1947-ல் சென்னை மாகாணத்தில் வந்த ஆலயப் பிரவேசச் சட்டத்தைப் பற்றியும், 1950-ல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவைப் பற்றியும் வருஷா வருஷம் வகுப்பில் சொல்கிறேன். இந்தப் பெரியவர் பத்து வயதுப் பையனாகக் கை ஏந்தி நின்றது ஏறக்குறைய அந்தக் காலந்தான். வருஷங்களைக் கரும்பலகையில் எழுதி அடியில் கோடு இழுக்கும்போது, அந்தக் கோட்டுக்கு அப்பால் எல்லாம் சரியாகிவிட்டது என்ற பாவனையில்தான் நான் இழுத்து வந்திருக்கிறேன்.

"இப்போதுதான் தடை இல்லையே, கோயிலுக்கே போய்ப் பார்க்கலாமே? இந்த வெயிலில் ஏன் நிற்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"போகாம என்னங்க? அய்யாறு கோயிலுக்கு எத்தனையோ தடவை போயிருக்கேன். ஆடி அமாவாசைக்குப் பேரனைக் கூட்டிக்கிட்டுத்தான் போவேன். இந்த ஒரு நாள் மட்டும் இங்கேதான். அந்தக் காலத்திலே எங்களைத் தெருவுக்குள்ளே விடலே. ஆனா ஆத்தைத் தாண்டாம சாமி போக முடியாது பாருங்க. நந்தனாருக்கு நந்தி விலகிச்சு. எங்களுக்குச் சாமியே ஆத்துல எறங்கி வந்தாரு. எறங்கி வந்தவரை எறங்கின எடத்துலதானே பார்க்கணும்?"

ஸ்தல புராணங்கள் பல படித்திருக்கிறேன். இது எதிலும் இல்லை.

பல்லக்கு வரும் மேளச் சத்தம் தூரத்தில் கேட்டது. வந்து சேர வெகு நேரமாயிற்று. பையன் தன் பையிலிருந்த பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்துத் தாத்தாவிடம் கொடுத்தான். அவர் அண்ணாந்து குடித்தார். பிறகு, "வாத்தியாரய்யா குடிக்கிறீங்களா?" என்று கேட்டார். கேட்டாரே தவிரப் பாட்டிலை நீட்டவில்லை. தம் மார்போடு வைத்துக்கொண்டே கேட்டார். நான் கை நீட்டி வாங்கிக் குடித்தேன். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. எனக்கு உண்மையிலேயே தாகம்.

கண்ணாடிப் பல்லக்கு மணலில் இறங்கியது. சீர்பாதந்தாங்கிகள் தாங்குகட்டை கொடுத்து, தோள் மாற்றிக்கொள்ளச் சற்று நிறுத்தினார்கள். நாணல் புதரிலிருந்து பத்தடி தூரம்கூட இல்லை. பெரியவர் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். கற்பூரத் தட்டு நேரே அவரிடம் வந்தது. தட்டைக் கொண்டுவந்தவருக்கு அவரைத் தெரிந்திருந்தது போலிருக்கிறது. விபூதி கையில் விழுந்தது. வெட்டிவேர்ப் பல்லக்கு கடந்து போனபோது அந்த மணம் மணல் முழுவதும் பரவிற்று. அவர் மூச்சை நன்றாக இழுத்து விட்டார். எந்தப் பானையை நினைத்துக்கொண்டாரோ, நான் கேட்கவில்லை.

திருப்பூந்துருத்தியில் நான் கோயிலைவிட அதிக நேரம் உட்கார்ந்திருந்தது, அப்பர் மடம் அமைத்துத் தங்கியதாகச் சொல்லும் நினைவில்தான். பாண்டி நாட்டிலிருந்து முத்துச் சிவிகையில் திரும்பி வந்த பிள்ளை ஞானசம்பந்தர், "அப்பர் எங்கே?" என்று கேட்க, கூட்டத்தோடு கூட்டமாகப் பல்லக்கைச் சுமந்துகொண்டிருந்த கிழவர் கீழேயிருந்து, தாம் இங்கேதான் அவருடைய திருவடியைத் தாங்கும் பேறு பெற்று இருப்பதாகப் பதில் சொன்னாராம். சம்பந்தர் பதறிக் கீழே குதித்து வணங்கினார் என்று புராணம் சொல்கிறது. சிறுவயதில் இந்தக் கதையில் சுமந்தவரின் பக்திதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. இந்தத் தடவை, மேலே உட்கார்ந்திருந்தவருக்கு எப்படி இருந்திருக்கும் என்பதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

தில்லைஸ்தானத்தை அடைந்தபோது கால் கொப்புளித்துவிட்டது. கல்வெட்டைத் தேடிக் கண்டுபிடித்துப் பையனுக்குக் காட்டும் தெம்பு இல்லை. அவனே சுவரோடு சுவராகப் போய் எழுத்துக்களைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தான். சோழர் காலத்தில் நந்தா விளக்கு ஒன்று எரிய இத்தனை ஆடு, நாள்தோறும் இத்தனை உழக்கு நெய் என்று கணக்காக எழுதி வைப்பார்கள். "ஆடு மேய்ச்சவங்க பேரு இருக்குமா ஐயா?" என்றான். சில இடங்களில் ஆட்டை ஏற்றுக்கொண்ட இடையர்களின் பெயர் உண்டு என்றேன். அவனுக்குத் திருப்தி.

மறுநாள் திருவையாற்றில் ஏழூர்ப் பல்லக்குகளும் கூடியதையும், பொம்மை ஒன்று கை உயர்த்திப் பல்லக்குகளுக்குப் பூப் போட்டதையும், அதைக் காணக் கூடியிருந்த ஜன சமுத்திரத்தையும் வர்ணிக்க ஒரு தனிக் கட்டுரை வேண்டும். பையன் என் தோளைப் பிடித்துக்கொண்டு எம்பி எம்பிப் பார்த்தான்.

வீட்டுக்குத் திரும்பியதும் பரணில் ஏறினேன். தப்பை அங்கேயே இருந்தது. ஒரு முனையில் பூச்சி அரித்திருந்தது. அதை இறக்கி முற்றத்தில் வைத்து, "அம்மா, இது என்ன?" என்று கேட்டேன்.

அம்மா முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பந்தல் சாமான். உங்க பாட்டி சொல்லியிருக்கா."

"என்னிடம் சொன்னதில்லையே?"

"நீ கேட்டதில்லையே. அண்டாவைத்தானே எப்பவும் கேட்பே?"

பள்ளிக்கூடம் திறந்தபோது, வகுப்புக்கு அதைக் கொண்டுபோக வேண்டும் என்று எனக்கு ஆசை உண்டாயிற்று. விக்கி அண்ணனுடைய சிவிகைக்கு அகப்படாத சான்று என் வீட்டுப் பரணில் அகப்பட்டிருக்கிறதே! ஆனால் அது என் வீட்டுப் பொருள் மட்டுமல்ல. பையனைத் தனியே கூப்பிட்டு, கொண்டுவரலாமா, என் பாட்டனாரைப் பற்றியும் தப்பையைப் பற்றியும் மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லலாமா என்று கேட்டேன். சற்று நேரம் யோசித்தான். "தாத்தாவைக் கேட்டுட்டு வரேனுங்க" என்று போனான்.

இரண்டு நாள் கழித்து வந்தான்.

"சொல்லச் சொன்னாருங்க. ஆனா ஊர்ப் பேரும் அவர் பேரும் சொல்ல வேணாமாம். அந்தப் பானகம் நல்லா இருக்கும்னு அதையும் சேர்த்துச் சொல்லணுமாம்."